லட்சத்தில் ஜெயிக்கிறது, ஆயிரத்தில் தோற்கிறது: புதுச்சேரி காங்கிரஸின் கணக்கு

2024 மக்களவைத் தேர்தலில் புதுச்சேரியில் காங்கிரஸ் வேட்பாளர் வைத்திலிங்கம் வாங்கிய வாக்கு சுமார் 4.26 லட்சம். எதிரே நின்றவர் சாதாரண ஆளில்லை, மாநில உள்துறை அமைச்சர், பாஜகவின் நமச்சிவாயம். வித்தியாசம் 1.36 லட்சம். மத்தியிலும் மாநிலத்திலும் ஆட்சி அந்தப் பக்கம் இருந்தும் இதுதான் முடிவு.

அதே ஊர், கிட்டத்தட்ட அதே வாக்காளர்கள். மூன்று வருஷம் முன்னால் 2021 சட்டசபைத் தேர்தலில் அதே காங்கிரசுக்குக் கிடைத்தது 30 தொகுதியில் 2.

2026 சட்டசபைத் தேர்தல் பேச்சு வந்தாலே இந்த இரண்டு எண்ணையும் வைத்துத்தான் சண்டை நடக்கிறது. ‘எம்.பி. தேர்தல் மாதிரி அள்ளிடுவோம்’ என்று ஒரு தரப்பு, ‘ரெண்டு சீட்டுக் கட்சிக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு’ என்று இன்னொரு தரப்பு. எண்கள் இரண்டும் சரி. அவை அளப்பது வேறு வேறு விஷயங்களை, அதைப் புரிந்துகொள்ள புதுச்சேரி சட்டசபை எப்படிப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தொகுதி என்றால் இங்கே எவ்வளவு பெரிது?

புதுச்சேரி சட்டசபைக்கு மக்கள் தேர்ந்தெடுப்பது 30 பேரை. புதுச்சேரிப் பகுதியில் 23, காரைக்காலில் 5, மாஹேயில் 1, ஏனாமில் 1. மொத்த வாக்காளர்கள் சுமார் 10 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு தொகுதிக்கு முப்பது முப்பத்தைந்தாயிரம் பேர். பக்கத்தில் கடலூர், விழுப்புரம் பக்கம் ஒரு தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் இருப்பார்கள், அதாவது நம்மூர்த் தொகுதி மாதிரி ஏழெட்டைச் சேர்த்தால்தான் அங்கே ஒன்று.

இதனால் என்ன ஆகிறது என்றால், பத்துப் பன்னிரண்டாயிரம் வாக்கு கையில் இருந்தால் ஒருவர் ஜெயித்துவிடலாம். பத்தாயிரம் பேரை ஒரு மனிதர் நேரில் பழகி வைத்திருக்க முடியும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூட சீட்டு, கோயில் திருவிழா நன்கொடை என்று அஞ்சு வருஷம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும் ஆளுக்குக் கட்சிச் சின்னம் ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான். 2021-ல் 6 சுயேச்சைகள் ஜெயித்தார்கள், ஐந்தில் ஒரு பங்கு சட்டசபை. அந்தத் தேர்தலில் தட்டாஞ்சாவடி, ஏனாம் என்று இரண்டு இடத்தில் நின்ற என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமியே ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் 655 வாக்கில் தோற்றார். அதே தேர்தல் முடிந்து முதலமைச்சர் ஆனவரும் அவர்தான்.

மக்களவைத் தேர்தலில் இந்த 30-ம் சேர்ந்து ஒரே தொகுதி. பத்து லட்சம் பேருக்குக் காதுகுத்து விழாவுக்குப் போக யாராலும் முடியாது. அங்கே பேசுவது டெல்லி அரசியல், மோடி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி, கைச் சின்னம், அதோடு திமுக கூட்டணி. ஆகவே 4.26 லட்சம் என்பது காங்கிரஸ் என்ற பெயருக்கும் கூட்டணிக்கும் இருக்கும் மதிப்பு. 2 என்பது அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க எத்தனை பேர் மிச்சம் என்ற கணக்கு.

2016-லிருந்து 2021-க்கு என்ன விழுந்தது?

2016-ல் காங்கிரஸ் 21 இடத்தில் நின்று 15-ல் ஜெயித்தது. வாக்குச் சதவீதம் 30.6. 2021-ல் 14 இடத்தில் நின்று 2. வாக்குச் சதவீதம் 15.7.

‘சதவீதம் பாதியாகிவிட்டது’ என்று மட்டும் சொன்னால் அது ஏமாற்று, ஏனென்றால் போட்டியிட்ட இடமே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நின்ற இடங்களில் மட்டும் எவ்வளவு வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். தொகுதிகள் ஏறக்குறைய சம அளவு என்று வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

1. 2016-ல் காங்கிரஸ் தான் நின்ற தொகுதிகளில் சராசரியாக வாங்கியது சுமார் 44 சதவீதம்.
2. 2021-ல் அது சுமார் 34-க்கு இறங்கியது.
3. 2021-ல் 13 இடத்தில் நின்று 6-ல் ஜெயித்த திமுக (மொத்தத்தில் 18.5 சதவீதம்) நின்ற இடங்களில் வாங்கியது சுமார் 43.
4. 9 இடத்தில் நின்று 6-ல் ஜெயித்த பாஜக (மொத்தத்தில் 13.7) சுமார் 46.

மூன்றாவது வரியை இன்னொரு தடவை படியுங்கள். ஒரே கூட்டணி, ஒரே பிரச்சாரம், ஒரே அலை. உதயசூரியன் நின்ற இடத்தில் 43, கை நின்ற இடத்தில் 34. ‘ஆட்சி மேல் கோபம்’ என்று மட்டும் இதற்குக் காரணம் சொன்னால், அந்த ஆட்சியில் கூட்டாளியாக இருந்த திமுக ஏன் தப்பித்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. திமுக வாக்கு காங்கிரசுக்கு முழுசாக வந்து சேரவில்லை என்பது ஒரு விளக்கம். காங்கிரஸ் வேட்பாளர்கள் அந்தந்தத் தொகுதியில் பலமான ஆட்களாக இல்லை என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கலாம், ஆனால் எடை அதிகம் இரண்டாவதுக்குத்தான் என்பது என் கணிப்பு.

ஜெயித்த இரண்டையும் பாருங்கள். ஒன்று மாஹே. அது கேரளத்துக்குள் இருக்கும் ஊர், அங்கே நடப்பது காங்கிரசுக்கும் மார்க்சிஸ்டுக்கும் உள்ள கேரளப் போட்டி, நம்ம ஊர் என்.ஆர். காங்கிரசின் ஜக்குச் சின்னத்துக்கு அங்கே வேலை கிடையாது. மிச்சம் லாஸ்பேட்டை. அங்கே வைத்தியநாதன் தோற்கடித்தது அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் சாமிநாதனை. 2011-லேயே அந்தத் தொகுதியில் ஜெயித்து ஊரறிந்தவர் அவர். ஆக, தமிழ் பேசும் 28 தொகுதியில் ஒரே ஒரு கை.

வெளியே போனவர்கள் பட்டியல்

இந்தக் கதையின் மையம் இதுதான், கொஞ்சம் நின்றே பார்ப்போம்.

ரங்கசாமி காங்கிரஸ்காரர். 2001-ல் காங்கிரஸ் முதலமைச்சர் ஆனார். பைக்கில் போவது, டீக்கடையில் நிற்பது, எளிதில் பார்க்கக்கூடியவர் என்று பெயர் வாங்கினார். 2008-ல் சக அமைச்சர்களின் எதிர்ப்பில் மேலிடம் அவரை இறக்கி வைத்திலிங்கத்தை உட்கார வைத்தது. 2011 பிப்ரவரியில் ரங்கசாமி அகில இந்திய என்.ஆர். காங்கிரசைத் தொடங்கினார் (என்.ஆர். என்றால் ‘நமது ராஜ்ஜியம்’ என்று கட்சி சொல்கிறது, ஊரில் யாரும் அப்படிப் படிப்பதில்லை). ஒரு சில மாதத்தில் 15 இடம் பிடித்து முதலமைச்சர். காங்கிரசுக்கு அந்தத் தடவை 7.

அடுத்து 2016. காங்கிரஸ் ஜெயித்தபோது மாநிலத் தலைவர் நமச்சிவாயம். அவர்தான் முதலமைச்சர் என்று எதிர்பார்த்திருந்தவர்கள் தெருவில் இறங்கிக் கத்தினார்கள். மேலிடம் தேர்ந்தெடுத்தது தேர்தலில் நிற்காத நாராயணசாமியை. நெல்லித்தோப்பு எம்.எல்.ஏ. ஜான்குமார் ராஜினாமா செய்து இடம் கொடுக்க, இடைத்தேர்தலில் நின்று நாராயணசாமி சபைக்குள் வந்தார். 2021 ஜனவரியில் நமச்சிவாயம் கட்சியை விட்டுப் போனார், கூடவே தீப்பாய்ந்தான். பிப்ரவரியில் மல்லாடி கிருஷ்ணாராவ், அந்த ஜான்குமார், கடைசியாக லட்சுமிநாராயணன். கூட்டணியில் திமுகவின் வெங்கடேசனும் ராஜினாமா.

இவர்கள் போன பிறகு நடந்தது:

1. நமச்சிவாயம் வில்லியனூரை விட்டு மண்ணாடிப்பட்டுக்குப் போய் பாஜகவில் ஜெயித்தார். உள்துறை அமைச்சர்.
2. ஜான்குமார் காமராஜ் நகரில் பாஜகவில் ஜெயித்தார். அவர் மகன் நெல்லித்தோப்பில் பாஜகவில் ஜெயித்தார். 2025-ல் ஜான்குமாரும் அமைச்சர்.
3. லட்சுமிநாராயணன் அதே ராஜ்பவன் தொகுதியில் சின்னத்தை மட்டும் மாற்றி என்.ஆர். காங்கிரசில் ஜெயித்தார். பொதுப்பணித் துறை.
4. வெங்கடேசனுக்கு 2021-லும் தீப்பாய்ந்தானுக்கு 2025-லும் நியமன எம்.எல்.ஏ. பதவி.

முதலமைச்சரையும் சேர்த்து ஆறு பேர் மட்டுமே இருக்கக்கூடிய அமைச்சரவையில் நான்கு பேர் கதர் வீட்டில் வளர்ந்தவர்கள். புதுச்சேரியில் இன்று ஆள்வதும் ஒரு வகையில் காங்கிரஸ்தான், வெவ்வேறு பெயர்ப்பலகையில். மேலிடம் ஒருவரை ஒதுக்கும், ஒதுக்கப்பட்டவர் தன் தொகுதி வாக்கோடு வெளியேறுவார், கட்சிக்குச் சின்னம் மிஞ்சும். ரங்கசாமிக்கு முன்னாலேயே ப. கண்ணன் தனிக்கட்சி கண்டு, திரும்பி வந்து, மறுபடி போன வரலாறும் உண்டு. பெரிய தொகுதிகள் உள்ள மாநிலத்தில் இப்படி ஒருவர் போனால் பெரும்பாலும் அவர்தான் காணாமல் போவார். இங்கே கட்சி காணாமல் போகிறது.

சரி, போனவர்கள் இடத்தில் புது ஆட்களை வளர்க்கலாமே? வளரும் இடம் எது என்பதுதான் சிக்கல். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1968-ல், அப்புறம் 2006-ல். அவ்வளவே. கவுன்சிலராக இருந்து பேர் வாங்கி எம்.எல்.ஏ. வேட்பாளர் ஆகும் படிக்கட்டே இங்கே இல்லை. ஆட்சியில் இருப்பவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது, அரசு இயந்திரம் கையில் இருக்கிறது. எதிர்க்கட்சிக்குத்தான் மூச்சு முட்டும். சொந்தக் காசில் தொகுதியைப் பராமரிக்க முடிந்தவர்தான் அங்கே வேட்பாளர் ஆகிறார். காசு போட்டவர் கட்சிக்காகக் காத்திருப்பாரா?

மூன்று நியமன உறுப்பினர்கள்: ஜெயித்தாலும் போதாத கணக்கு

நியமன எம்.எல்.ஏ. என்பவர் யார்? 1963-ம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டப்படி மத்திய அரசு மூன்று பேர் வரை புதுச்சேரி சட்டசபைக்கு நேரடியாக நியமிக்கலாம். 2017-ல் காங்கிரஸ் அரசைக் கேட்காமலே பாஜகவினர் மூவர் நியமிக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நியமனம் செல்லும், அவர்கள் நம்பிக்கை வாக்கெடுப்பு உட்பட எதிலும் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

அதன் விளைவு, நாராயணசாமி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்த 2021 பிப்ரவரி 22-ல் தெரிந்தது. ராஜினாமாக்கள் முடிந்து சபையில் மிஞ்சியவர்கள் 26. ஆளும் தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12: காங்கிரஸ் 9, திமுக 2, சுயேச்சை 1. எதிரே 14: என்.ஆர். காங்கிரஸ் 7, அதிமுக 4, நியமன பாஜக 3. அந்த மூவரைக் கழித்துப் பாருங்கள், எதிரே 11. சபாநாயகர் சமநிலை வந்தால்தான் வாக்களிப்பார் என்பதால் 11-க்கு 11, அவர் வாக்கில் ஆட்சி தப்பித்திருக்கும். மக்கள் ஒருவர்கூட வாக்களிக்காத மூன்று நாற்காலி ஒரு ஆட்சியின் முடிவைத் தீர்மானித்தது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: அந்தச் சட்டம் பதவியில் இருந்துகொண்டே கட்சி மாறுபவரைத்தான் பிடிக்கும். ராஜினாமா செய்துவிட்டு வேறு சின்னத்தில் மறுபடி நிற்பவரை அது தொடாது. 30 பேர் சபையில் நாலைந்து ராஜினாமாவே ஆட்சியை உருட்டப் போதும்.

இதிலிருந்து வரும் நடைமுறைக் கணக்கு: 30-ல் 16 பெரும்பான்மை என்ற பேச்சு இங்கே பொருந்தாது, பாஜக கூட்டணிக்கு 14-ஏ போதும். மத்தியில் பாஜக இருக்கும்வரை காங்கிரஸ்–திமுக கூட்டணிக்கு 16 போதாது, எதிரே 14-ம் 3-ம் சேர்ந்து 17 ஆகிவிடும். குறைந்தது 17 வேண்டும். யாராவது ஒருவர் விலை போனாலும் ஆட்டம் காணாமல் இருக்க இருபதை ஒட்டி வேண்டும். வாக்காளருக்கும் இது தெரியும். ‘இவங்களுக்குப் போட்டாலும் அஞ்சு வருஷம் தாங்குவாங்களா’ என்ற கேள்வி மற்ற ஊர்களில் எழாது, இங்கே எழுகிறது.

கூட்டணி: திமுக இல்லாமல் முடியாது, திமுகவோடும் சுலபமில்லை

2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரசும் திமுகவும் தனித்தனியாக நின்றன. நாராயணசாமி என்.ஆர். காங்கிரசின் ராதாகிருஷ்ணனிடம் சுமார் 60 ஆயிரம் வாக்கில் தோற்றார், தனியாக நின்ற திமுக வாங்கியதும் கிட்டத்தட்ட அவ்வளவே. சேர்ந்து நின்ற 2019-லும் 2024-லும் காங்கிரஸ் லட்சக்கணக்கில் ஜெயித்தது.

ஆனால் சட்டசபைப் பங்கீடு வேறு கதை. 2016-ல் 21-க்கு 9. 2021-ல் 14-க்கு 13. அந்தப் பதின்மூன்றில் 6 எடுத்து எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியையும் திமுக வாங்கிக்கொண்டது, உட்கார்ந்தது வில்லியனூர் சிவா, நமச்சிவாயம் விட்டுப் போன அதே வில்லியனூர். இப்போது ‘யார் தலைமையில் கூட்டணி’ என்று திமுக கேட்டால் அதற்குப் பதில் சொல்ல காங்கிரசிடம் எம்.பி. வெற்றி ஒன்றுதான் இருக்கிறது. சட்டசபைப் பலத்தில் திமுகவின் பேச்சு நியாயமானது. எனக்கு வருத்தமாக இருந்தாலும் எண் அதைத்தான் சொல்கிறது.

ஆட்சியின் நினைவு

2016–21 என்றால் ஊர் ஞாபகம் வைத்திருப்பது நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நடந்த சண்டையைத்தான். ரேஷனில் அரிசியா, வங்கிக் கணக்கில் பணமா என்று இழுத்ததில் ரேஷன் கடைகளே மூடிக் கிடந்தன. யார் பக்கம் நியாயம் என்பது ஒரு விவாதம். அரிசி வரவில்லை என்பது சமையலறையில் தெரிந்த உண்மை. 2024 கடைசியில் கடைகளைத் திறந்து அரிசி போட்டுப் பேர் வாங்கியது ரங்கசாமி. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாயும் அவர் ஆரம்பித்ததே. மின்துறை தனியார்மயம், கைக்கு வராத மாநில அந்தஸ்து, மூடிய அரசு நிறுவனங்களான பாப்ஸ்கோ, பாசிக் ஊழியர்களின் சம்பளப் பாக்கி என்று எதிர்க்கட்சிக்குப் பேச விஷயம் ஏராளம். ஆனால் அவற்றில் பாதிக்கு ‘உங்க காலத்திலும் இதே கதைதானே’ என்று பதில் வரும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

1. பங்கீட்டு எண்ணை விடத் தொகுதிப் பெயர்கள் முக்கியம். 15 இடம் வாங்கி அதில் பத்தில் ஆளில்லாமல் நிற்பதைவிட, ஆள் இருக்கும் 11 இடத்தில் நிற்பது லாபம். கௌரவத்துக்காக எண்ணைக் கூட்டிக் கேட்டால் 2021 மறுபடி நடக்கும்.

2. முதலமைச்சர் முகம். வைத்திலிங்கம் முன்பே இரண்டு தடவை (1991–96, 2008–11) முதலமைச்சராக இருந்தவர், இப்போது எம்.பி., கட்சியின் மாநிலத் தலைவரும் அவரே. நாராயணசாமி இன்னொரு பக்கம். யாரையும் சொல்லாமல் தேர்தலைச் சந்தித்து ஜெயித்தபிறகு மேலிடம் முடிவு செய்யும் என்றால், அது 2016 தந்த பரிசை நினைவூட்டும்.

3. புதியவர்கள். நடிகர் விஜய் 2025 டிசம்பரில் உப்பளத்தில் கூட்டம் போட்டார், அதே மாதம் தொழிலதிபர் ஜோஸ் சார்லஸ் மார்ட்டின் புதுக் கட்சி தொடங்கினார். முப்பதாயிரம் பேர் தொகுதியில் இரண்டாயிரம் வாக்கைப் பிரிப்பவர் முடிவையே திருப்பிவிடலாம். அந்த இரண்டாயிரம் ஆட்சிமேல் கோபமுள்ள வாக்காக இருந்தால் இழப்பு காங்கிரஸ் கூட்டணிக்கு.

4. கடைசியாக, வேட்புமனு வாபஸ் முடியும் நாள். சீட்டு கிடைக்காத காங்கிரஸ்காரர்கள், திமுகவுக்குப் போன தொகுதியில் ஐந்து வருஷம் செலவு செய்தவர்கள், மனுவைத் திரும்பப் பெற்றார்களா என்று அன்று சாயங்காலம் தெரிந்துவிடும். கருத்துக்கணிப்பு எதையும் பார்ப்பதற்கு முன்னால் அந்த சுயேச்சைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை பெயர் போன மாதம் வரை கதர் சட்டையில் இருந்தது என்று எண்ணுங்கள்.